ஒரு ஸ்பீக்கர், முப்பது பேர்

ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு பாட்டைக் கேட்கிறோம். பிடித்துப்போகிறது. உடனே அதன் இணைப்பை எடுத்து, கூடவே இரண்டு வரி எழுதி, நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைக்கிறோம். இதைப் ‘பாட்டைப் பகிர்தல்’ என்கிறோம். நானும் பத்து வருஷமாக இதைச் செய்கிறவன்தான். கொஞ்ச நாளாக எனக்கு அந்தப் ‘பகிர்தல்’ என்ற சொல்லில் ஒரு சந்தேகம்.

பகிர், பகுதி, பங்கு எல்லாம் ‘பகு’வின் உறவுக்காரச் சொற்கள். ஒன்றைப் பகிர்ந்தால் நம்மிடம் இருப்பது குறைய வேண்டும். நான்கு இட்லியில் இரண்டைக் கொடுத்தால் மிச்சம் இரண்டுதான். பாட்டின் இணைப்பை அனுப்பினால் நமக்கு ஒன்றும் குறைவதில்லை. ‘பாட்டு அள்ள அள்ளக் குறையாததுதானே, அதிலென்ன பங்கு’ என்று கேட்கலாம். திருப்பூரில் வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றாது. அங்கே பாட்டு குறையும். ஒரு ஸ்பீக்கர், முப்பது பேர், எட்டு மணி நேரம். ஒருத்தருக்குப் பிடித்தது ஓடினால் இன்னொருத்தருக்குப் பிடித்தது ஓடாது.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். கை வைக்கிற டெய்லர் நாள் பூராவும் கைதான் வைப்பார். கழுத்துப் பட்டி அடிக்கிறவர் கழுத்துப் பட்டிதான். பக்கத்தில் கைமடிக்கிறவர்கள். இன்னொரு பக்கம் பெண்கள் பிசிறு வெட்டிக்கொண்டும், ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருக்கிறதா என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். காலை எட்டரைக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரைக்கும் ஒரு ஷிப்ட். ஆர்டர் அவசரமென்றால் இரவு எட்டரை வரை, ஒன்றரை ஷிப்ட். அவ்வளவு நேரமும் சுவரில் ஒரு பெட்டி பாடிக்கொண்டே இருக்கும்.

அதில் எந்தப் பாட்டு என்பதை யார் முடிவு செய்வது? கேசட் காலத்தில் கட்டிங் மாஸ்டர். அவர் கொண்டுவந்த கேசட், அவருடைய பாட்டு. பிறகு கோவையிலிருந்து தனியார் எப்.எம்.கள் வந்தன. பாட்டை முடிவு செய்கிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டார்; எந்த ஸ்டேஷன் என்கிற சண்டை மட்டும் மிஞ்சியது. தேனி, மதுரைப் பக்கமிருந்து வந்த அண்ணன்களுக்கு இளையராஜா வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு யுவன். ‘மறுக்கா மறுக்கா அதையே கேட்டாத் தூக்கம் வருதுங்ணா’ என்று ஒரு பையன் சொன்னதற்கு, ‘தூங்கு, பீஸ் ரேட்டுல நட்டம் உனக்குத்தான்’ என்று மாஸ்டர் பதில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பிசிறு வெட்டுகிற பெண்களிடம் யாரும் எதுவும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

முப்பது மிஷின் ஓடுகிற இடத்தில் ஒரு பாட்டு முழுதாகக் கேட்காது. பேஸ் கிடாரெல்லாம் இரைச்சலுக்குள் போய்விடும். குரல் நிற்கும். புல்லாங்குழல் நிற்கும். நம் இசைக் கட்டுரைகள் அதிகம் கொண்டாடுவது இளையராஜாவின் பேஸ் லைனை. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து அவரை நாள் கணக்கில், வருஷக் கணக்கில் கேட்டவர்கள் டெய்லர்களும் பஸ் டிரைவர்களும். அவர்களில் எத்தனையோ பேர் காதில் அந்த பேஸ் லைன் விழுந்தே இருக்காது. அதனால் அவர்கள் குறைவாகக் கேட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2008க்குப் பிந்தைய சில வருஷங்கள் தமிழ்நாட்டில் மின்வெட்டு மோசமாக இருந்தது. கரண்ட் போனதும் மிஷின்கள் நிற்கும். யாருடைய போனிலோ ஓடுகிற எப்.எம். மட்டும் நிற்காது. ஜெனரேட்டர் போடுவதற்குள் இரண்டு மூன்று நிமிஷம் கிடைக்கும். அப்படியொரு நாள் வீட்டுக்கு வந்த அம்மா சொன்னார்: ‘அந்தப் பாட்டுக்குள்ள ஒரு வயலின் இருக்குது கண்ணு. இத்தன வருசமா எனக்குத் தெரியவே இல்ல.’ பாட்டைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதைவிடத் துல்லியமான ஒன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

வேலை செய்கிற இடத்தில் பாட்டுப் போடுவது திருப்பூரின் கண்டுபிடிப்பு இல்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜூனில் பி.பி.சி. ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலைகளில் ஒலிபரப்புவதற்கென்றே செய்த அது 1967 வரை ஓடியது. நோக்கம் உற்பத்தி. ‘டீப் இன் தி ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ என்ற பாட்டை வேலை நேரத்தில் போடக்கூடாது என்று ஒதுக்கினார்கள். அதில் நடுவில் கைதட்டல் வரும். தொழிலாளிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிவிடுவார்களாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் உயரமான இடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தவர்கள் தொழிலாளிகளே. அடுத்து எந்த நாவல் என்பதையும் அவர்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். கியூபர்கள் குடியேறிய அமெரிக்காவின் டாம்பா நகரத்துச் சுருட்டு ஆலைகளிலும் இந்த வழக்கம் இருந்தது. 1931இல் அங்கே முதலாளிகள் வாசிப்பாளர்களை வெளியேற்றினார்கள். தீவிர அரசியலை வாசிக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு. அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. முதலாளிக்குப் பாட்டு ஓடினால் பீஸ் ஓடும் என்பதில் நம்பிக்கை. ஓட்டுப் போட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் அந்தக் கேசட்டுகளில் ஒரு யோசனை இருந்தது. அதை இப்போதுதான் உணர்கிறேன்.

கேசட் பதிவது அன்று ஊருக்கு ஊர் நடந்த தொழில். ரெக்கார்டிங் சென்டரில் பேப்பரில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் நாலு நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். பீட்டர் மானுவல் வட இந்தியக் கேசட் உலகத்தைப் பற்றி 1993இல் ‘கேசட் கல்ச்சர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். பெரிய கம்பெனிகளின் கையில் இருந்த இசையைக் கேசட் எப்படிச் சிறு ஊர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் பிரித்துக் கொடுத்தது என்பது அதன் மையம். நம் பக்கத்தில் அந்தப் பிரிவினை கடைசியில் ஒரு துண்டுப் பேப்பரில் வந்து முடிந்தது. 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. ஏழு பாட்டு எழுதினால் ஏழாவது பாதியில் அறுந்துவிடும். எதை வெட்டுவது, எதை முதலில் வைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும்.

கட்டிங் மாஸ்டர்கள் எழுதிய பட்டியல் கல்யாண வீட்டுப் பட்டியலிலிருந்து வேறுபட்டது. சாப்பிட்டு வந்ததும் கண் சொக்கும், அதனால் அந்த நேரத்துக்கு வேகமான பாட்டு. ஒன்றரை ஷிப்ட்டின் கடைசி ஒரு மணி நேரத்துக்குச் சோகம் ஆகாது, சிலபேர் அழுதுவிடுவார்கள். சனிக்கிழமை சம்பள நாள், எதைப் போட்டாலும் நன்றாக இருக்கும். யார் கேட்கப்போகிறார்கள், அவர்கள் உடம்பு அப்போது எப்படி இருக்கும் என்று யோசித்து அடுக்கிய பட்டியல் அது. பி.பி.சி.க்காரர்களும் அதைத்தான் யோசித்தார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் மாஸ்டரும் அதே கூடத்தில் அதே பன்னிரண்டு மணி நேரம் நின்று அதையே கேட்டார். தான் போட்ட பாட்டிலிருந்து அவராலும் தப்பிக்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு நம் பதிவுகளைப் பார்க்கிறேன். பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, ராகமும் கார்டும் சொல்கிற பதிவு. இரண்டு, யாரும் கேட்காததை நான் கேட்டேன் என்கிற பதிவு; மாலி நாட்டிலிருந்து ஒரு கிடார், ஐஸ்லாந்திலிருந்து ஒரு பியானோ. மூன்றாவது, என்ன நடந்தது என்று சொல்லாமல் நள்ளிரவில் ஒரு சோகப் பாட்டை மட்டும் வைத்துவிட்டுப் போவது. மூன்றாவதை நான் கேலி செய்யமாட்டேன். அதில் யாரையோ எதிர்பார்க்கிற ஒரு ஆள் இருக்கிறார். முதல் இரண்டிலும் நான் நிறைய எழுதியிருக்கிறேன். திரும்ப வாசித்தால் ஒன்றிலும் கேட்கப்போகிறவர் இல்லை. அவருக்கு அது எந்த நேரத்தில் போய்ச் சேரும் என்ற யோசனையும் இல்லை. என் ரசனை எப்படிப்பட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பகிர்தல் என்று பெயர் வைத்திருக்கத் தேவையில்லை. காட்டுதல் என்று சொல்லியிருக்கலாம்.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பொதுவாகக் கேட்டது உயர்ந்தது, தனியாகக் கேட்பது தாழ்ந்தது என்று. இதை அம்மாவிடம் கிட்டத்தட்ட இப்படியே சொன்னேன். அவர் சிரித்தார். ‘உனக்கென்ன கண்ணு, நீ சோத்தக் குடுத்துட்டு வெளையாடப் போயிட்ட. இருவது வருசத்துல எனக்குப் புடிச்ச பாட்ட ஒரு நாளு ஆராச்சும் போட்டிருப்பாங்களா? காதுல ஒயரு மாட்டுனதுக்கப்பறந்தான் எம்பாட்டு எனக்குக் கேக்குது.’

1979இல் சோனி முதல் வாக்மேனை விற்றபோது அதில் இரண்டு ஹெட்போன் மாட்ட வசதி இருந்தது. பாட்டைத் தாழ்த்திவிட்டுப் பக்கத்திலிருப்பவரோடு பேச ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியும் என்று அகியோ மொரிட்டா அஞ்சினார். பிந்தைய மாடல்களில் இரண்டும் போய்விட்டன. இந்தக் கதையை நான் பலமுறை ஒரு வீழ்ச்சியாகவே சொல்லியிருக்கிறேன். அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த ஒற்றைத் துளைதான் வாசல் என்பது எனக்கு உறைத்ததில்லை. ஸ்பீக்கரில் அவருக்கு ஒருநாளும் பங்கு கிடைக்கவில்லை. பங்கு கிடைக்காதவரிடம் பொதுச் சொத்தின் அருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் ஸ்பீக்கர் வீண்தானா என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

கடைசியாக அவர் வேலை பார்த்த கம்பெனியில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள். முதலில் ஸ்பீக்கர் தமிழ்ப் பாட்டு மட்டும் பாடியது. பையன்கள் போனில் போஜ்புரி போட, சத்தம் சத்தத்தோடு மோதி வாக்குவாதம் ஆனது. கடைசியில் டீ நேரம் வரைக்கும் தமிழ், அதற்குப் பிறகு அவர்களுடையது என்று முடிவானது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்கு ரயிலேறியவர்கள் உண்டு. அந்த வாரம் டீ நேரத்துக்குப் பிறகும் ஸ்பீக்கர் தமிழிலேயே பாடியது. போஜ்புரி போடச் சொல்ல அங்கே பையன்கள் குறைவு. இருந்தவர்களுக்கும் கேட்கத் தயக்கம். ‘அந்த டும்முடும்முப் பாட்டுப் போடுங்கன்னு நாந்தான் மாஸ்டருகிட்ட சொன்னேன்’ என்றார் அம்மா. ‘பழகிப்போச்சு. அது இல்லாம சாயங்காலம் சாயங்காலமாட்டவே இல்ல.’

இருபது வருஷத்தில் அவர் அந்த ஸ்பீக்கரிடம் கேட்டு வாங்கிய ஒரே பாட்டு அதுதான். அது அவருடைய பாட்டும் இல்லை. ஒரு வார்த்தை புரியாது. விரும்பாமல், பொறுத்துக்கொண்டு, தன் பாதி நேரத்தை விட்டுக்கொடுத்துக் கேட்டதால் அவர் கையில் வந்து சேர்ந்தது. பகு என்கிற வேருக்கு நான் தேடிய பொருள் இதற்கு மிக அருகில் இருக்கிறது. காதில் ஒயர் மாட்டியவரும் இதைச் சொன்னவரும் ஒரே ஆள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அம்மா போன் பழகியதிலிருந்து தினமும் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைப்பார். ரோஜாப்பூ, சூரிய உதயம், மேலே அரை நிமிடப் பாட்டு. அவருடைய ஸ்டேட்டஸை நான் மூன்று வருஷமாக மியூட்டில் வைத்திருந்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை, உங்களில் சிலர் செய்திருப்பீர்கள். ஐஸ்லாந்துப் பியானோவைப் பற்றி எண்ணூறு வார்த்தை எழுதிய அதே மாதங்கள் அவை.

இந்தக் கட்டுரைக்காக மியூட்டை எடுத்தேன். அன்றைக்கு வைத்திருந்த பாட்டு எது என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதை வைத்து அவருடைய ரசனைக்கு மார்க் போடுவீர்கள். நான் போட்டதைப் போல. அரை நிமிடம் முழுதாகக் கேட்டேன். பிறகு போன் செய்து, ஏம்மா இந்தப் பாட்டு என்று கேட்டேன். நாற்பது நிமிஷம் பேசினார்.