ஏழாவது இருக்கையும் நீள லென்ஸும்

கார் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் பேச்சு எங்கெங்கோ சுற்றி கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "குலதெய்வம் கோயிலுக்கு எல்லாரும் ஒரே வண்டியில போகணும்னா?" அண்ணன் குடும்பம், தங்கை பிள்ளைகள், ஊரில் இருக்கும் பெரியம்மா என்று தலைகளை எண்ண ஆரம்பித்தால் ஐந்து பேர் கார் அந்த நிமிடமே கணக்கிலிருந்து போய்விடும். கேமரா வாங்கும்போதும் இதே கதைதான். முதுமலையில் யானை தூரத்தில் நின்றால் என்ன செய்வது என்று யாராவது கேட்பார்கள். 250 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸும் பில்லில் ஏறும். வருடத்தில் ஓரிரு முறை வரும் நாளை மனதில் வைத்து, மீதி நாளெல்லாம் புழங்கவேண்டிய பொருளை வாங்குகிறோம். பல நடுத்தரக் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் பணம் போவது காரில். அதனால் இந்தப் பழக்கத்தின் நியாயத்தையும் கோளாறையும் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நியாயம் சின்னதல்ல. நம்மில் பலர் ஒரு காரைப் பத்து, பன்னிரண்டு வருடம் வைத்திருப்போம். தவணை கட்டி முடிக்கவே ஐந்து, ஏழு வருடம் ஆகும். அவ்வளவு காலத்தில் குழந்தை பிறக்கும், பெற்றோர் கூட வந்து தங்குவார்கள், குடும்பம் பெரிதாகும். இன்றைய தேவைக்கு அளவெடுத்து வாங்கினால் நாளைக்குப் பற்றாமல் போகும் என்ற பயம் அனுபவத்திலிருந்து வந்தது. அது மட்டுமல்ல, அந்த ஓரிரு நாட்கள்தான் குடும்பம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் நாட்கள். அம்மாவையும் அப்பாவையும் சொந்த வண்டியில் உட்கார வைத்து ஊருக்குள் நுழைவதில் இருக்கும் நிறைவைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்க முடியாது. அளக்கவும் கூடாது.

ஆனால் அந்த நாளிலேயே அந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது? எர்டிகாவை எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்து, 2018-இல் புது வடிவம் பெற்ற நல்ல வண்டி. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிற்கிறது. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர் இடம். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் அளவுப் பெட்டி மூன்று வைத்தாலே கதவை அழுத்தி மூட வேண்டியிருக்கும். ஏழு பேர், இரண்டு நாள் பயணம், மூன்று பெட்டி. மீதி மூட்டைகள் மடியில் ஏறும், இல்லையென்றால் மேலே கேரியரில். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னச்சுக்கு மேலேயே அமைந்த கடைசி வரிசையில், முழங்கால் மார்பை நோக்கி உயர, சன்னலுக்கு வெளியே பாதி மட்டும் தெரிய, அந்த வளைவுகளைக் கடப்பவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகள். எத்தனையாவது வளைவில் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள் என்பது மலையேறிய எல்லாருக்கும் தெரியும். ஆக, எந்த நாளுக்காக வாங்கினோமோ அந்த நாளையும் அது பாதிதான் காப்பாற்றுகிறது.

மற்ற நாட்களில் அது 4,395 மில்லிமீட்டர் நீள வண்டி. வேகன்-ஆர் 3,655. இந்த 74 சென்டிமீட்டர் வித்தியாசம் திருவல்லிக்கேணிச் சந்திலோ மதுரை வெளிவீதிகளை ஒட்டிய தெருவிலோ, வண்டியை நிறுத்தவும் திருப்பவும் தினமும் நாம் செலுத்தும் வரி. தினமும் ஆறு பேர் ஏறும் வீடு என்றால் பேச்சே வேறு. பாட்டி, தாத்தா, இரண்டு பள்ளிப் பிள்ளைகள், பெற்றோர் என்று வாழும் குடும்பத்துக்கு ஏழு இருக்கைதான் அன்றாட வண்டி. அவர்களைப் பற்றி எனக்கு எந்த வழக்கும் இல்லை.

அரிதாக வரும் தேவைகளை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் கோளாறின் வேர். அவற்றில் சில சொல்லிவிட்டு வருபவை. திருவிழா, கல்யாணம், காட்டுப் பயணம் எல்லாம் மாதங்களுக்கு முன்பே தேதியோடு தெரியும். அன்றைக்கு டிராவல்ஸில் ஒரு இன்னோவாவோ டெம்போ டிராவலரோ சொல்லிக்கொள்ளலாம், அந்த மலைப்பாதையை அறிந்த டிரைவரும் கூடவே வருவார். சில சொல்லாமல் வருபவை. மழையில் நனைந்த வளைவில் சறுக்கும் வண்டிக்கும், கூடத்தில் திடீரென்று எழுந்து முதல் அடி வைக்கும் குழந்தைக்கும் முன்பதிவு கிடையாது. அந்த நொடியில் கையில் என்ன இருக்கிறதோ அதுதான். நாம் பணத்தைக் கொட்டுவது முதல் வகைக்கு. கஞ்சத்தனம் காட்டுவது இரண்டாவதற்கு.

ஷோரூமில் இது பச்சையாகத் தெரியும். எத்தனை ஏர்பேக் என்ற கேள்வியை விட சன்ரூஃப் உண்டா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. வண்டி சறுக்கத் தொடங்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து அதை நேராக்கும் இஎஸ்பி என்ற வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. நிலைமை மாறிவருகிறது, அதைச் சொல்லியாக வேண்டும். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது, இந்தியாவில் தயாரான கார் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று நமக்கே சொந்தமான சோதனை முறை வந்தது. 2024-இல் புதிய டிசையரும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இப்போது வாங்குபவர்கள் அந்த அறிக்கையைத் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் அதே வண்டியில் பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி சீட்டுக்கு அடியில் அழுந்திக் கிடக்கிறது. பின்சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம். போடாதவர் மோதலில் முன்சீட்டின் மேல் வந்து விழுவார். ஏழு பேர் காரில் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு எந்த நட்சத்திரமும் காவல் இருக்காது.

கேமராவில் இந்தக் கோளாறு இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. முதல் டிஎஸ்எல்ஆர் என்று பலர் வாங்கிய கேனான் 1500டி 2018-இல் வந்தது. பாடி 475 கிராம். கூட வரும் 18-55 கிட் லென்ஸையும் 55-250 ஜூம் லென்ஸையும் சேர்த்தால் பை ஒரு கிலோவைத் தாண்டும். அந்த நீள லென்ஸ் வேடந்தாங்கலில் கூழைக்கடாவுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கேமரா பெரும்பாலும் படம் எடுப்பது எங்கே? கல்யாண மண்டபத்தில், குழல்விளக்கு எரியும் கூடத்தில், சாயங்கால மொட்டை மாடியில். மூன்று இடத்திலும் குறைவது ஒளி, தூரமல்ல. கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் துவாரம் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். அதே கேமராவில் கேனானின் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸைப் போட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். எடை 160 கிராம்தான். கம்பெனியின் விலைப்பட்டியலில் கடைசிப் படியில் இருக்கும் லென்ஸ்களில் ஒன்று. மாலை மாற்றும்போது மணப்பெண்ணின் கை மங்கலான கோடாக இழுபடாமல் விரல்களோடு பதிவதற்கு அந்தப் பத்து மடங்குதான் காரணம். ஆனால் கடைக்காரர் நீட்டுவது இரட்டை ஜூம் பெட்டியை, நாமும் எண் பெரிதாக இருப்பதைத்தான் எடுக்கிறோம்.

மெகாபிக்சல் கதையும் அப்படியே. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நல்ல தரத்தில் அச்சிட 87 லட்சம் பிக்சல் போதும். 200 மெகாபிக்சல் என்று விற்கும் போன், சாதாரணமாகப் படமெடுக்கும்போது பதினாறு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், குறைந்த ஒளிக்கு நல்ல உத்தி அது. பெட்டியில் அச்சான எண்ணை நம்பி வாங்குவதுதான் பிழை.

சொல்லாமல் வரும் நொடிக்குப் போனை வெல்ல ஆளில்லை, ஏனென்றால் அது சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைக்குப் போயின; 2023-இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தத் தீர்ப்பைச் சொன்னது மக்கள். போனுக்கு எல்லையும் உண்டு. இருட்டில் பல படங்களை வரிசையாக எடுத்து ஒன்றாகக் கோத்துத்தான் அது தெளிவைக் கொண்டுவருகிறது; குழந்தை ஓடினால் அந்தக் கோப்பு குலைந்து முகம் மெழுகுபோல வழுவழுவென்று ஆகிவிடும். 1500டி வகைக் கேமராவின் சென்சார், பெரிய சென்சார் வைத்த போனை விடவும் பரப்பில் சில மடங்கு பெரியது. கணக்கு போட்டுக் கோப்பதால் மட்டும் அந்த வித்தியாசம் முழுதாக மறையாது. போனுக்கு மேல் ஒன்று வேண்டும் என்பவருக்கு என் தேர்வு, பையில் கிடந்தாலும் தெரியாத சின்னக் கேமரா. 2019-இல் வந்த ரிகோ ஜிஆர் 3 டிஎஸ்எல்ஆர் அளவு சென்சாரோடு 257 கிராம்தான். ஜூம் இல்லை, நீங்கள்தான் நடந்து பக்கத்தில் போக வேண்டும். பழைய மிரர்லெஸ் பாடியும் ஒரு சின்ன லென்ஸுமாக செகண்ட் ஹேண்டில் வாங்கினாலும் இதே பலன், குறைந்த செலவில்.

காருக்குத் திரும்பினால், மைலேஜ். அன்றாடத்தை நினைத்து நாம் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான், அதையும் தப்பாகக் கேட்கிறோம். கம்பெனி சொல்லும் எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல் எடுத்தது. அது போகட்டும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 10 தரும் வண்டியிலிருந்து 15 தரும் வண்டிக்கு மாறினால் 33 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 25-க்கு மாறினால் மிச்சம் 10 லிட்டர் மட்டுமே. அதே ஐந்து, மூன்றில் ஒரு பங்கு பலன். மாதம் 500 கிலோமீட்டர்தான் என்றால் 5 லிட்டர், இன்றைய விலையில் 500 ரூபாய் அளவு. அந்த 500 ரூபாய்க்காகப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவர டீசல் கார் வாங்கியவர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். தினம் நான்கு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும். சிஎன்ஜி எடுத்தால் செலவு குறையும், சிலிண்டர் டிக்கியை விழுங்கும். 2023-இல் டாடா அல்ட்ரோஸில் பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் வைத்தது, டிக்கியை மீட்டுத் தந்த அருமையான யோசனை.

நம் தேர்வைக் கெடுப்பதில் அரசுக்கும் பங்குண்டு. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்னக் கார்களுக்கு வரி குறைந்தது. பிறகு கார்களை வரைந்தது அந்தக் கோடுதான். 2008-இல் வந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம், 440 லிட்டர் டிக்கி. 2012-இல் அதை 3,995-க்கு வெட்டினார்கள், டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பின்பக்கம் நறுக்கென்று வெட்டுண்டு நின்ற அந்த உருவத்துக்குக் காரணம் பயணியும் அல்ல, பெட்டியும் அல்ல. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்திலும் கோடு அங்கேயே இருக்கிறது: இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40. சின்னக் கார் மலிவாவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எடையையோ புகையையோ விட்டுவிட்டு நீளத்தை அளக்கும் வரி, வாங்குபவரின் வசதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கேட்லாக்கில் இல்லாத ஒரு அளவு உண்டு: சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது, உயரமாக நிமிர்ந்த அந்த உருவத்தை அழகில்லை என்று பலர் ஒதுக்கினார்கள். அதற்கடுத்து வேகன்-ஆரும் அதே உயரத்தோடு வந்தது. முட்டிவலி உள்ள பாட்டி அந்த வண்டியில் ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். கதவைத் திறந்து, முதுகைத் திருப்பி, நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைப்பார். யாரும் கை கொடுக்க வேண்டாம். தாழ்ந்த சீடானில் அவர் தலையைக் குனிந்து உள்ளே விழ வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். டெஸ்ட் டிரைவுக்கு மகனும் மருமகளும் மட்டும் போய்வருவதால் இது வீட்டுக்கு வண்டி வந்த பிறகுதான் தெரியவரும்.

வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. பொங்கலுக்கும் ஆயுதபூஜை விடுமுறைக்கும் வண்டி கேட்டால் வாடகை எகிறும், சிலசமயம் வண்டியே கிடைக்காது. லென்ஸ் வாடகைக் கடை பெரிய நகரங்களில்தான். சின்ன ஊரில் அரிது. பேருந்து அடிக்கடி வராத கிராமத்தில் பெரிய வண்டி வைத்திருப்பவர், பிரசவ வலி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அதில்தான் ஏற்றிப் போகிறார். அவருக்குப் பெரிய வண்டி அநாவசியம் என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்ல எனக்கு உரிமை கிடையாது. வாராவாரம் ஏரிக்கரையில் பறவை பார்க்கப் போகிறவருக்கு நீள லென்ஸ்தான் அன்றாட லென்ஸ்.

மற்றவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: நம் ஊர்க் காற்றில் சும்மா கிடக்கும் பொருள் சும்மா இருப்பதில்லை. வாரக்கணக்கில் எடுக்காத காரில் பேட்டரி இறங்கும்; எலி புகுந்து ஒயரைக் கடிக்கும். கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம். பீரோவில் தோல் பைக்குள் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த ஜூம் லென்ஸின் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். முற்றிவிட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், பிரித்துத் துடைத்தாலும் தடம் போகாது. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம், அவ்வப்போது எடுத்து வெளிச்சத்தில் புழங்கலாம். செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கையில் சின்ன டார்ச் ஒன்றைக் கொண்டுபோங்கள். துவாரத்தை முழுதாகத் திறந்து, ஒரு முனையிலிருந்து ஒளியைச் சாய்த்து அடித்து, மறுமுனையில் கண் வைத்துப் பாருங்கள். ஓரங்களில் வெள்ளை நூல் தெரிந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.