பிணை நின்ற படலமும் பிரித்தெடுத்த பாடலும்

உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். ஆயினும், 'சீறா' என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவது ஒரு படலமே. அது மானுக்குப் பிணை நின்ற படலம். பாடநூல்களும் மேடைகளும் அதனையே விரும்பி எடுத்தாண்டு வந்துள்ளன.

இதனை நாம் குறை கூறவில்லை. ஐயாயிரம் பாடல்களையும் ஓத எல்லார்க்கும் இயலாது. எடுத்துக்காட்டும் பகுதியே பலருக்குக் காப்பியத்தின் வாயிலாகிறது. ஆனால், வாயிலையே வீடென்று கருதிவிடலாமா என்பதே நம் வினா.

தனியே படிக்கும்போது அப்படலம் உயிரிரக்கம் போதிக்கும் கதையாக நிற்கிறது. வேடன் வலையிற்பட்ட மான், கன்றுக்குப் பாலூட்டி மீள விடை வேண்டுகிறது. அண்ணல் நபி (ஸல்) பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி மீள்கிறது. வேடன் ஈமான் கொள்கிறான். காப்பியத்துள் வைத்துப் பார்த்தாலோ பொருள் ஆழமாகிறது. இது நுபுவ்வத்துக் காண்டத்தில் வருவது. மக்கத்துக் குறைஷியர் பெருமானாரின் சொல்லை மறுத்ததும், ஈமான் கொண்டோர் ஹபஷா நாட்டிற்குப் போந்ததும் அக்காண்டத்துச் செய்திகளே. சொந்த ஊரார் நம்ப மறுத்த ஒரு சொல்லை, காட்டு மான் நம்பிக் காத்தது! இம்முரணே படலத்தின் உயிர் என்பது நம் கருத்து. பிரித்தெடுக்கையில் முதலில் உதிர்வது அதுவே.

மற்றொரு தீங்கும் உண்டு. காப்பியத்தில் அபூஜஹில் பேசும் பாடல்களும் உள. பேசுபவர் யாரெனக் கூறாது அவற்றுள் ஒன்றை எடுத்தாண்டால், பகைவன் கூற்று புலவர் கூற்றாகிவிடும். ஒரு பாடலும் திருத்தப்படாமலே பொருள் தலைகீழாகும்.

ஆகவே, பகுதிகளை எடுத்தாள்வோரிடம் நாம் வேண்டுவன சிலவே. காண்டம், படலம், பாடல் எண் ஆகியவற்றைக் குறியுங்கள். பேசுபவர் யார், முன் நிகழ்ந்தது யாது என இரண்டு வரி எழுதுங்கள். இடையே பாடல்களை விட்டிருப்பின் அதனையும் சொல்லுங்கள். படிக்கும் பிள்ளை அடுத்த படலத்தைத் தேடி நூலைப் புரட்டுமாயின், எடுத்தாண்ட பகுதி தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.