எந்த இயந்திரத்திலும் ஓடும் இழைகள்: பி.டி.எச். லைப்ரரி குறித்து ஒரு பரிசீலனை

2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், மதுரை வண்டியூரிலும் அதனை அடுத்த தெப்பக்குளம் பகுதியிலும், பிள்ளைகளுக்கென்று கணினி வாங்க வழியற்றிருந்த குடும்பங்கள் பலவற்றில் கணினி புகுந்தது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய அம்மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உம், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தமையால், நிரல் எழுதக் கற்ற மாணவனுக்கு நூதனமான ஒரு சங்கடம் நேர்ந்தது. லினக்ஸில் பல இழைகளாக (திரெட்களாக) பிரித்து எழுதி, பிழையின்றி ஓடக் கண்ட சி மொழி நிரலை, அதே இயந்திரத்தின் விண்டோஸ் பக்கத்தில் கம்பைல் செய்யப் புகுந்தால், பீத்ரெட் தலைப்புக் கோப்பு காணப்படவில்லை என்ற செய்தியோடு பெரும்பாலும் வேலை நின்றுவிடும். 1995-இல் வகுக்கப்பட்ட போசிக்ஸ் இழைத் தரத்தை யூனிக்ஸ் குடும்பம் ஏற்றது. விண்டோஸ் தனக்கென வேறு முறை வைத்திருந்தது. இந்த வேற்றுமையைப் போக்குவதாக வாக்களிக்கும் லைப்ரரிகளை நிறுவிப் பயன்படுத்தும் வழக்கம் எவ்வளவு தூரம் நன்மை பயக்கிறது, எவ்விடத்தில் தீங்காக முடிகிறது என்பதே இங்கு என் விசாரணை.

இத்தகைய லைப்ரரிகள் இரு வகைப்படும். ஒரு வகை, இயங்குதளம் தரும் இழைகளுக்கு மேலே பொதுவானதொரு முகத்தை அமைப்பது. பீத்ரெட்ஸ்-வின்32, பூஸ்ட் திரெட் ஆகியவை இதற்கு உதாரணம். மற்றது, இயங்குதளத்தை எதிர்பாராமல் இழைகளைத் தானே படைத்துக்கொள்வது. ரால்ஃப் எங்கல்ஷால் என்ற ஜெர்மானியர் 1999-இல் வெளியிட்ட க்னூ பி.டி.எச். இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெயர்த்து நடத்தும் தன்மை என்னும் லட்சியத்தை அது கொண்டுபோன எல்லை வரை வேறெதுவும் கொண்டுபோகவில்லை என்பது என் அபிப்பிராயமாதலால், அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

அதன் உட்பொறி வியக்கத்தக்கது. ஓர் இழைக்கு இன்றியமையாதது அதற்கே உரிய தனி ஸ்டாக். அதனை உண்டாக்கும் வசதி எல்லா யூனிக்ஸ்களிலும் ஒரே விதமாக இல்லாத காலத்தில், எங்கல்ஷால், சமிக்ஞைகளைக் கையாள்வதற்கென்று ஏற்கெனவே இருந்த மாற்று ஸ்டாக் ஏற்பாட்டைப் பயன்படுத்தி, தனக்குத் தானே ஒரு சமிக்ஞையை அனுப்பி, அது அந்தப் புதிய ஸ்டாக்கில் நின்ற தருணத்தில் நிலையைப் பதிந்துகொண்டு திரும்பிவந்து, பிறகு வேண்டும்போது அந்நிலைக்குத் தாவும் உபாயத்தைக் கண்டார். 2000-ஆம் ஆண்டு யூஸ்னிக்ஸ் மாநாட்டுக் கட்டுரையில் அதை விவரித்தார். அசெம்பிளி மொழியில் ஒரு வரியும் இன்றி, சி மொழியின் எல்லைக்குள்ளேயே இது நிகழ்கிறது என்பதை நினைக்கும்போது, இந்த உபாயத்தைப் படிக்காத கணினி மாணவனுக்கு ஒரு நல்ல பாடம் கிட்டாமல் போகிறதென்றே வருந்துகிறேன்.

நிறுவுவது பழைய யூனிக்ஸ் சம்பிரதாயமே: மூலத்தை அவிழ்த்து, கான்ஃபிகர், மேக், மேக் டெஸ்ட், மேக் இன்ஸ்டால் என்ற கட்டளைகளை வரிசையாக இடவேண்டும். ஆனால் கான்ஃபிகர் கட்டத்தில், எனேபிள்-பீத்ரெட் என்ற விருப்பத்தைக் கருதாமல் சேர்ப்பவன், பி.டி.எச். தரும் போலி பீத்ரெட் தலைப்புக் கோப்பையும் லைப்ரரியையும் நிறுவிவிடுகிறான். யூஎஸ்ஆர் கோப்பகத்திலேயே நிறுவினால் கணினியின் சொந்தக் கோப்பே அழிந்து மாற்றப்படும். லோக்கல் கோப்பகத்தில் நிறுவினாலோ, கம்பைலர் அவ்விடத்தை முதலில் தேடுமாதலால், சம்பந்தமே இல்லாத வேறு நிரல்கள் தவறான தலைப்போடு கம்பைல் ஆகி விபரீதம் விளையும். மேலும், 2006-இல் வந்த 2.0.7 பதிப்பின் மேக் கோப்பில் ஒரு சார்பு குறிக்கப்படாமல் விடுபட்டிருப்பதால், பல வேலைகளை ஒருசேரச் செய்யும்படி மேக்கை ஏவினால் அது நடுவில் முறிந்துவிடும். ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வதே க்ஷேமம்.

பயன்பாட்டில் இதன் சுபாவம் தனித்தன்மை வாய்ந்தது. எந்த இழையையும் பலவந்தமாக நிறுத்துவார் இல்லை; கண்மாய்ப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோர் தம் வயல் நனைந்ததும் தாமே மடையை அடைத்து அடுத்தவருக்கு விடுவதைப் போல, ஓர் இழை காத்திருக்க நேரும்போதோ, தானே முன்வந்து விட்டுக்கொடுக்கும்போதோ மட்டும் அடுத்தது ஓடுகிறது. இதனால், விட்டுக்கொடுக்கும் இரு இடங்களுக்கு இடைப்பட்ட நிரற்பகுதியை வேறெந்த இழையும் குலைக்க இயலாது. பல இணைப்புகளுக்கு மறுமொழி கூறிக்கொண்டு பெரும்பொழுது காத்திருக்கும் சர்வர் நிரல்களுக்கு இது மிகப் பெரிய நிம்மதி. ஆயினும் மடையை அடைக்க மறந்தவன் ஒருவன் இருந்தால் போதும், மற்ற வயல்கள் காய்ந்துபோம். நீண்ட கணக்கீட்டில் ஆழ்ந்த இழையோ, பி.டி.எச். அறியாத பிறிதொரு லைப்ரரியின் உள்ளே சிக்கிக் காத்திருக்கும் இழையோ எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, கெர்னலின் பார்வையில் இவை அனைத்தும் ஒரே இழையாதலால், பிராசஸரில் எத்தனை கோர்கள் இருந்தாலும் ஒன்றே உழைக்கும். யூனிக்ஸ்களுக்குள் இது எங்கும் செல்லும். விண்டோஸுக்கோ சிக்வின் போன்ற யூனிக்ஸ் போர்வை இருந்தாலன்றிச் செல்லாது. ஆகவே நம் மாணவனின் மடிக்கணினியில் அது ஒரு பக்கத்துக்கே துணையாயிற்று.

2003-இல் லினக்ஸ் 2.6 கெர்னல் வெளிவந்து, என்.பி.டி.எல். என்ற இழை அமைப்பு நிலைபெற்றபின், பி.டி.எச். பிறந்ததற்கான காரணமே பெரிதும் குன்றிவிட்டது. நெடுங்காலம் அதனை நம்பியிருந்த ஜி.என்.யு.பி.ஜி. மறையாக்க மென்பொருளும் 2014-இல் வந்த 2.1 பதிப்பில் என்.பி.டி.எச். என்ற வேறொன்றுக்கு மாறியது. அது இயங்குதளத்தின் மெய்யான இழைகளையே எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு பொதுப் பூட்டினால் அவற்றைப் பழைய விட்டுக்கொடுக்கும் ஒழுங்கிலேயே நடத்துகிறது. இழைகளைத் தானே படைக்கும் சாமர்த்தியத்தை அம்மென்பொருளை உருவாக்குவோர் கைவிட்டார்கள், ஒழுங்கைக் கைவிடவில்லை. பி.டி.எச்.-இன் மெய்யான சிறப்பு எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தென்படவில்லை.

இப்பொழுது, மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அதே 2011-இல் தரமாக்கப்பட்ட சி++ மொழியில் இழை வசதி மொழிக்குள்ளேயே அமைந்துவிட்டபடியால், நாளை இளந்தைக்குளம் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் வேலைக்குச் செல்லப்போகும் மாணவன் அதைப் பழகுவதே உசிதம்; புதிய நிரலுக்கு பி.டி.எச்.-ஐ நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் ஆய்வகத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. எனேபிள்-பீத்ரெட் விருப்பத்தோடு, பிரிஃபிக்ஸ் கொடுத்து மாணவனின் சொந்தக் கோப்பகத்துக்குள் மட்டும் அதனை நிறுவவேண்டும். ஒரே எண்ணியை இரண்டு இழைகள் பத்து லட்சம் தடவை வீதம் ஒவ்வொன்றாகக் கூட்டும் சிறு பீத்ரெட் நிரலை, ஆப்டிமைசேஷன் இல்லாமல், பி.டி.எச்.-ஓடு ஒரு முறையும் கணினியின் சொந்த இழைகளோடு மறுமுறையும் கம்பைல் செய்யச் சொல்லவேண்டும். முதலாவது எப்போதும் இருபது லட்சம் என்றே விடையளிக்கும். இரண்டாவதோ பெரும்பாலும் ஓட்டுந்தோறும் அதற்குக் குறைந்த வெவ்வேறு எண்களைக் காட்டும். மியூடெக்ஸ் என்னும் பூட்டு பற்றிய பாடத்தை அந்த எண்களைப் பார்த்த பிறகு தொடங்கினால், அது எதற்காக என்று ஆசிரியர் விளக்கவேண்டிய அவசியமே இராது. ஒரு பிற்பகல் பயிற்சி இதற்குத் தாராளமாகப் போதும்.