டாம் செய்த துரோகம் என்ன?

அமெரிக்க நாட்டுக் கருப்பின மக்களிடையே வழங்கும் வசைச்சொல் ஒன்று உண்டு: 'அங்கிள் டாம்'. வெள்ளையனிடம் பல்லிளிப்பவன், தன் இனத்தைக் காட்டிக் கொடுப்பவன் என்பது அதன் பொருள். நாம் 'அடிவருடி' என்கிறோமே, அதனினும் கொடிய சொல். அச்சொல்லுக்குப் பெயர் தந்தவன் ஒரு நாவலின் தலைவன். அந்நாவலைப் படித்து முடித்தபோது என் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒன்றே: டாம் யாரைக் காட்டிக் கொடுத்தான்?

ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையாரின் 'டாம் மாமாவின் குடிசை' 1852இல் நூலாக வெளிவந்தது. தப்பியோடும் அடிமையைப் பிடித்துத் தரச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டம் மூட்டிய சினத்தின் விளைவு அது. முதலாண்டிலேயே அமெரிக்காவில் 3 லட்சம் படிகள் விற்றன.

கதையிலே டாம் கூனிக் குறுகிய கிழவனல்லன். அகன்ற மார்பினன், உரமேறிய உடலினன். லூசியானா பருத்தித் தோட்டத்தில் லெக்ரீ என்னும் கொடியோன், அடிமைப் பெண் ஒருத்தியைச் சவுக்கால் அடிக்க ஆணையிடுகிறான். டாம் மறுக்கிறான். பின்னர் இரு பெண்கள் தப்பி மறைகின்றனர். அவர்களின் திட்டம் டாமுக்குத் தெரியும். சொன்னால் உயிர் மிஞ்சும், சொல்லவில்லை, அடிபட்டே சாகிறான்.

அவனை அடித்த கைகள் எவை? சாம்போ, குவிம்போ என்ற கருப்பினக் கங்காணிகளின் கைகள்! அவ்விருவரும் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். அந்த வெறுப்பின் மேல் அமர்ந்தே ஆட்சி நடத்துகிறான் லெக்ரீ.

பின், பழி டாமுக்கு வந்தது எப்படி? மேடை தந்த பழி அது! முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் ஊர் ஊராகச் சென்று 'டாம் நாடகங்கள்' ஆடினர். வீரனுக்கு நரைத்த தலை, வளைந்த முதுகு, அசட்டுச் சிரிப்பு! தடுக்க ஆசிரியைக்கு உரிமையில்லை. அவருக்கு ஊதியமும் இல்லை.

நூலில் குறையே இல்லையா? உண்டு. அடிப்பவனையும் மன்னிக்கும் பொறுமையை அறத்தின் கொடுமுடியாக்குகிறார் அம்மையார். விடுதலை பெற்ற ஜார்ஜ் ஹாரிசுக்குப் பிறந்த மண்ணில் உரிமை கேட்காமல், லைபீரியாவுக்குக் கப்பலேற்றி விடுகிறார். 1949இல் ஜேம்ஸ் பால்ட்வின் இந்நூலைக் கடுமையாகச் சாடினார். சாடியதில் நியாயம் உண்டு. ஆயினும் பணிவு வேறு, துரோகம் வேறு.

அவ்வேறுபாட்டை மறந்தால் என்னாகும்? 1971இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, தம் எதிராளி ஜோ பிரேசியர்மீது இச்சொல்லை வீசினார். பிரேசியர் யார்? தென் கரோலினாவின் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளை. அலி தடைசெய்யப்பட்டிருந்தபோது அவருக்காகப் பரிந்து பேசியவர்! 2001இல் அலி மன்னிப்புக் கோரினார். ஆறாத புண்ணோடு முப்பதாண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

தோழர்களே! காட்டிக் கொடுப்போர் எல்லா இனத்திலும் உண்டு. அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் செயலைக் காட்டிக் கண்டியுங்கள். கருத்து வேறுபட்டவனையெல்லாம் துரோகி என்போமாயின், சாம்போவும் குவிம்போவும் செய்த வேலையை நாமே செய்தவராவோம். லெக்ரீக்கு வேறென்ன வேண்டும்?