தீகவாபிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது

அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் தீகவாபி இருக்கிறது. புத்தர் வந்து அமர்ந்த இடம் என்று மகாவம்சம் சொல்லும் தலம் அது. அங்குள்ள தூபி, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் எழுப்பியது. நாட்டின் மறுகோடியிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்து வணங்கும் இந்த இடம், வயல்வெளிக்கு இப்பால் கரையோரத்தில் வளரும் முஸ்லிம் பிள்ளையின் காதில் ஒரு காணிப் பிணக்கின் பெயராகவே முதலில் விழுகிறது. சமயக் கல்வியின் பகுதியாக நம் பாடசாலைகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் காலையில் பஸ் ஏறி, தூபியைச் சுற்றிப் பார்த்து, பிக்குவோடு நின்று படமெடுத்து, பகல் சோற்றுக்குத் திரும்பும் நல்லிணக்கப் பயணம் கல்வியாகாது.

முதலாம் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை நம் நாட்டில் சமயம் கட்டாய பாடம். ஆனால் அவரவர் சமயம் மட்டும். பதினொரு ஆண்டு படித்த பிள்ளைக்கு அடுத்த ஊரார் எப்படி வணங்குகிறார்கள், ஏன் வணங்குகிறார்கள் என்பது தெரியாது. சிங்களப் பாடசாலைப் பிள்ளையின் நிலையும் இதுதான். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய கதையைத் தொடர்ந்து பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அறியாமை மட்டும் அதற்குக் காரணமல்ல; ஆயினும் ஒருவரையொருவர் அறிந்த ஊரில் அந்தக் கதை அவ்வளவு எளிதில் எடுபட்டிருக்காது. நேரில் பார்ப்பது தருவதைப் புத்தகம் தராது. தூபியின் முன் ஒரு மூதாட்டி தாமரையை வைத்துவிட்டுப் பாளியில் முணுமுணுப்பதைக் காணும் பிள்ளை, அவர் ஏதோ வரம் கேட்கிறார் என்றே நினைக்கும். இந்தப் பூ வாடுவதுபோல் என் உடலும் அழியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதே அந்த மலர்ப் பூசை என்று பிக்கு விளக்கினால், மவுத்தை நினைத்துப் பார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு அது அந்நியமாக இராது. படைத்தவனிடம் கையேந்தும் துஆவும் இதுவும் ஒன்றல்ல என்ற வேறுபாடும் அப்போதுதான் துலங்கும்.

இங்கிலாந்தில் இத்தகைய பயணங்கள் வழமையானவை. அங்கே 1988 கல்விச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு முதலிடம் தந்து, ஏனைய பெரிய சமயங்களையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. பௌத்த மையங்கள் பாடசாலைக் குழுக்களை வரவேற்கின்றன. ஆனால் அந்த முறையை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. அங்கே சிறுபான்மையினர் விருந்தோம்புகிறார்கள், பெரும்பான்மையினரின் பிள்ளைகள் விருந்தாளிகள். இங்கே நிலைமை தலைகீழ். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் நாட்டில், சிறுபான்மைப் பிள்ளைகள் மட்டும் போய்வந்தால் அது கற்றலாக இல்லாமல் பணிவு காட்டலாக முடிந்துவிடலாம். இந்தப் பயணத்தின் மீது வைக்கக்கூடிய கனமான குறை இதுவே. காணி விடயமும் இதோடு சேர்ந்தது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி நிதியில் நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், தீகவாபியின் நிலம் என்று எழுந்த வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் பாழாயின. பிள்ளைகள் இதை வீட்டில் கேட்டுத்தான் வருகிறார்கள். ஆசிரியர் வாய்திறக்காவிட்டால், தூபியைப் பற்றி அவர் சொன்ன மற்றவற்றையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

பிள்ளைகளின் ஈமான் குலையும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் பார்ப்பதும் வணங்குவதும் ஒன்றல்ல. பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி இந்தியரின் சமயத்தை அவர்களுடைய நூல்களின் வழியே கற்று எழுதினார். அதனால் அவருடைய இஸ்லாம் குறைந்துவிடவில்லை. பூ வைக்கவோ கைகூப்பவோ எந்தப் பிள்ளையையும் தூண்டாதிருப்பதும், விரும்பாத பெற்றோர் காரணம் சொல்லாமலே பிள்ளையை விலக்கிக்கொள்ள இடமளிப்பதும் இதற்குப் போதுமான காப்பு. இங்கிலாந்தில் பெற்றோருக்கு இந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. சிங்களத்தில் பேசும் பிக்குவின் விளக்கத்தைத் தமிழில் பிழையில்லாமல் எடுத்துச் சொல்லும் ஆசிரியர்தான் நமக்கு அரிது. அவரை உருவாக்கும் வேலையை அட்டாளைச்சேனை தேசிய கல்விக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாம்.

நாம் போனால் அவர்கள் வருவார்களா என்ற கேள்வி எஞ்சுகிறது. முதல் பயணத்துக்கு அதை நிபந்தனையாக்கினால் எவரும் புறப்பட மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும்போதே, அம்பாறைச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் அட்டாளைச்சேனைப் பள்ளிவாசலுக்கு வந்து தொழுகையைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நாளையும் வலயக் கல்வி அலுவலகங்கள் அதில் குறித்துவிட வேண்டும். அந்த நாள் குறிக்கப்படாத திட்டத்துக்கு இரண்டாம் முறை பஸ் பிடிக்க எந்த அதிபரும் ஒப்பக் கூடாது.