யூனிட்டை எண்ணும் நட்சத்திரம்

மின்விசிறி வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறோம். கட்டடங்களுக்கும் அப்படி ஸ்டார் உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல் அதைத் தருகிறது. ஓர் ஆண்டில் செலவான மின்சாரத்தைக் கட்டடத்தின் பரப்பால் வகுக்க வேண்டும். எண் குறையக் குறைய நட்சத்திரம் கூடும்.

வரைபடத்தின் வாக்குறுதியை நம்பாமல் கரன்ட் பில்லைக் கேட்பதுதான் இதன் பலம். கோளாறும் அந்த பில்லில்தான். பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும் அலுவலகத்துக்கும் நல்ல எண் வரும். மாடியில் சோலார் போட்டால் அந்த மின்சாரம் கணக்கில் சேராது. சுவர் அனலாகக் கொதித்தாலும் எண் இறங்கிவிடும்.

இந்த அளவுகோலைக் கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு டிவி உள்ள வெள்ளிமலைப் பக்கத்து வீடு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற இலவச வரம்பைத் தாண்டுவது அரிது. யூனிட் கணக்கில் அதுவே முதல் மாணவன். பட்டினி கிடப்பவரைச் சிக்கனக்காரர் என்று பாராட்டுவதுபோல்தான் இது.

2018 டிசம்பரில் வந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு இதைவிட நல்ல கேள்வி கேட்கிறது: வெயிலை எவ்வளவு உள்ளே விடுகிறாய்? குளிர்ப் பிரதேசம் தவிர்த்த இடங்களில், சுவரும் ஜன்னலும் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட் வெப்பத்துக்கு மேல் விடக்கூடாது. கூரைக்கு, ஒரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட் உச்சவரம்பு. வெறும் காங்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். ஆனால், மனை 500 சதுர மீட்டருக்குக் குறைந்தால் இந்த விதி பொருந்தாது. யாருக்கு வேண்டுமோ அவர்களை விட்டுவிட்ட விதி.

குடிசைகளை மாற்ற அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடி காங்கிரீட் தளம். தீப்பிடிக்கும், மழைக்கு ஒழுகும் குடிசை போகட்டும். அதற்காக ஏங்குவது நகரவாசிக்கு எளிது. ஆனால் கள்ளக்குறிச்சிச் சமவெளியின் சித்திரை வெயிலில், வேய்ந்த கூரை தடுத்த வெப்பத்தை வெறும் தளம் தடுக்காது. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும்; தளத்தின் கடத்தும் தன்மையை மாற்றாது. அதை மாற்ற, தளத்தின் மேலே வெப்பத்தடுப்பு அடுக்கு வேண்டும்.

அரசு வீடுகளின் எஸ்டிமேட்டில் அந்த அடுக்குக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மலைவாசி வீட்டுக்கு ஸ்டார் வேண்டாம்.