கேட்டலும் கேண்மையும்: பொன்ஹோஃபரின் ‘ஒருமித்த வாழ்வு’ பற்றிய ஒரு திறனாய்வு

திருமறையை நாள்தோறும் கையாளுகிறவர்களே அதனைக் கேளாமற்போகும் இடருக்கு மிகுதியும் உட்படுகின்றனர் என்பது, போதகப் பணியிலுள்ளோர் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மையாகும். சனிக்கிழமை இரவு அருளுரைக்கெனத் திருமறையைத் திறக்கும் நாம், மூன்று தலைப்புகளும் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டும் கிடைத்தவுடன் அதனை மூடிவிடுகிறோம். சபையாருக்குச் சொல்ல வேண்டியது கிடைத்துவிட்டது. நமக்குச் சொல்லப்பட்டது யாதென நாம் வினவுவதில்லை. இக்குறையை நேர்நின்று எதிர்கொண்ட நூல்களுள் ஒன்று, டீட்ரிக் பொன்ஹோஃபர் எழுதி 1939இல் வெளிவந்த ‘ஒருமித்த வாழ்வு’. அளவில் சிறிய இந்நூலைப் பலரும் பாராட்டியுள்ளனர். அதன் வலிமையையும், அது சொல்லாது விட்டதையும் ஒருங்கே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நூல் பிறந்த சூழல்

நாத்சி ஆட்சி திருச்சபையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றபோது அதனை எதிர்த்து நின்ற அறிக்கைத் திருச்சபை, தன் வருங்காலப் போதகரைப் பயிற்றுவிக்க 1935இல் சில குருத்துவக் கல்லூரிகளை நிறுவியது. அவற்றுள் ஒன்றுக்குப் பொன்ஹோஃபர் தலைவரானார். பால்டிக் கடற்கரையிலுள்ள சிங்ஸ்டில் தொடங்கிய அக்கல்லூரி, அவ்வாண்டே ஸ்டெட்டின் நகரையடுத்த ஃபின்கன்வால்டேக்கு மாறியது. 1937இல் அரசின் இரகசியக் காவல்துறையால் மூடப்பட்டது. அங்கு வாழ்ந்த கூட்டு வாழ்வின் பயனை, அடுத்த ஆண்டில் கோட்டிங்கன் நகரில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் அவர் எழுதி முடித்தார்.

நாள்தோறும் காலையில் அரைமணி நேரம், ஒரு வாரம் முழுவதும் ஒரே திருமறைப் பகுதியின்முன் அமைதியாக அமர வேண்டும் என்பது அக்கல்லூரியின் ஒழுங்கு. மாணவர் முதலில் திகைத்தனர். கார்ல் பார்த்தும் 1936இல் எழுதிய கடிதமொன்றில், இம்முறையில் துறவுமடத்தின் சாயல் தென்படுவதாகத் தம் ஐயத்தைத் தெரிவித்தார். அந்த ஐயம் முற்றிலும் அடிப்படையற்றதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. நூலின் வலிமை

பொன்ஹோஃபர் இருவகை வாசிப்பைப் பிரித்துக் காட்டுகிறார். குழுவாகக் கூடும்போது திருமறையைத் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும்: காலையும் மாலையும் பழைய ஏற்பாட்டில் ஓர் அதிகாரம், புதிய ஏற்பாட்டில் குறைந்தது அரை அதிகாரம். தனித்திருக்கும்போதோ சிறு பகுதியே போதும். முன்னது நம்மை இறைவனின் மீட்பு வரலாற்றினுள் கொண்டுசேர்க்கிறது. பின்னது அவ்வரலாற்றின் ஆண்டவர் இன்று நம்மோடு பேச இடமளிக்கிறது. ஒன்றின்றி மற்றொன்று குறையுடையதே.

மொரேவியச் சகோதரர் 1731 முதல் அச்சிட்டுவரும் அன்றாட வசன நூலை அவர் மதித்தார்; எனினும், தனி வசனங்கள் திருமறை வாசிப்பின் இடத்தைப் பெற இயலாது எனத் தெளிவாகக் கூறினார். புத்தாண்டு இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்து, அவ்வொரு வசனத்தை ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்ளும் நம் சபைகள் இதனைச் சிந்திக்க வேண்டும். வாக்குத்தத்தம் மெய்யானதே. ஆயினும், அதனைச் சூழ்ந்துள்ள கண்டிப்பையும் கட்டளையையும் நீக்கிவிட்டு எடுக்கும் வசனம், நாம் கேட்க விரும்பியதையே நமக்குத் திருப்பிச் சொல்லும்.

தியானத்தில் புதிய கருத்துகளைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பகுதி முழுவதையும் முடிக்க வேண்டியதுமில்லை. உள்ளம் வறண்டிருப்பினும் பொறுமையோடு காத்திருத்தலே போதும் என்பது நூலின் மற்றோர் அறிவுரை. வளர்ச்சியை அளந்து பார்க்கும் ஆவலினின்று இது நம்மை விடுவிக்கிறது. நிலத்தில் விழுந்த விதையை நாள்தோறும் தோண்டிப் பார்ப்பவன் பயிரைக் காணான்.

3. நூலின் குறை

விதைப்பவன் உவமையையொட்டி வரும் எச்சரிக்கையை மாற்கு, எதைக் கேட்கிறோம் என்பதைக் குறித்ததாகத் தருகிறார் (4:24). லூக்காவோ எவ்விதமாய்க் கேட்கிறோம் என்பதைக் குறித்ததாகத் தருகிறார் (8:18). ‘எவ்விதம்’ என்பதற்குப் பொன்ஹோஃபர் நிறைவான விடை தருகிறார். யாருடைய குரலோடு சேர்த்துக் கேட்கிறோம் என்னும் வினாவே போதிய அளவு எழவில்லை.

சங்கீதங்களைப் பற்றிய பகுதியில் இது புலப்படுகிறது. குற்றமற்றோரின் முறையீடும், பகைவர்மீதான சாபமும் நம் வாயில் பொருந்தாதபோது, அவை கிறிஸ்துவின் செபமாகும் என்கிறார். நம் சொந்தப் பகையைச் சங்கீதத்தின் போர்வையில் மறைக்காதபடி இவ்விளக்கம் காக்கிறது. எனினும், அச்செபத்தை முதலில் அழுது சொன்ன இஸ்ரவேலர் இதில் மறைந்துவிடும் இடர் உண்டு. யூதர் துன்புறுத்தப்பட்ட அந்நாளில் எழுதப்பட்ட இந்நூலில் அவர்களது துயர் வெளிப்படையாக இடம்பெறவில்லை. அரசின் கண்காணிப்பு ஒரு காரணமாயிருக்கலாம். ஆயினும், நூலை மட்டும் படிப்பவர், கேட்டல் என்பது நான்கு சுவர்களுக்குள் நிகழும் உள்ளப் பயிற்சி எனக் கொள்ள இடமுண்டு. பார்த் ஐயுற்றதும் இதனையடுத்ததே.

4. ஓரத்தில் எழுதிய தேதி

நூலை எழுதி முடித்த சில வாரங்களில், 1938 நவம்பர் 9 இரவு, ஜெர்மனியெங்கும் யூதரின் ஜெபஆலயங்கள் எரிக்கப்பட்டன. பொன்ஹோஃபர் தியானத்திற்குப் பயன்படுத்திய திருமறையில், தேசத்திலுள்ள இறைவனின் ஆலயங்கள் சுட்டெரிக்கப்பட்டதைப் புலம்பும் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தருகே, அந்நாளின் தேதி அவர் கையால் குறிக்கப்பட்டுள்ளது.

நூலில் இல்லாதது இந்த ஓரத்தில் உள்ளது. இங்கே சங்கீதம் மீண்டும் அதனைப் பாடிய மக்களுடைய குரலாகிறது. எரிந்துகொண்டிருந்த ஆலயங்கள் இறைவனின் இல்லங்கள் என ஒரு கிறிஸ்தவப் போதகரால் ஏற்கப்படுகின்றன. நாள்தோறும் அமைதியாக அமர்ந்த பழக்கமே இதற்கு அவரை ஆயத்தப்படுத்தியது. ஆதலின் அப்பழக்கத்தை நாம் தள்ளிவிடலாகாது. ஆனால் நூலின் விளக்கத்தைக் கடந்து அப்பழக்கம் அவரை நடத்தியது என்பதே என் துணிபு. அவர் நடந்த வழி 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமின் தூக்குமரத்தில் முடிந்தது.

5. முடிவுரை

தமிழில் ‘கேள்’ என்னும் சொல் செவியுறுதலையும் வினவுதலையும் கீழ்ப்படிதலையும் குறிக்கும். பெயர்ச்சொல்லாகி உறவினரையும் குறிக்கும். வள்ளுவரும் ‘கேள்வி’க்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். கேட்கும் விதத்தைக் குறித்து எச்சரித்த ஆண்டவர், மூன்று வசனங்களுக்குப்பின், இறைவார்த்தையைக் கேட்டு அதன்படி செய்கிறவர்களையே தம் தாயென்றும் சகோதரரென்றும் ஏற்கிறார் (லூக்கா 8:21). கேட்டல் கேண்மையில் நிறைவுறுகிறது. அக்கேண்மையின் எல்லையை வரையறுப்பவர் நாமல்லர்.

ஆகவே, இந்நூலைப் பயிலும் மாணவரும் போதகரும் அதன் ஒழுங்கை மேற்கொள்வது நன்று. அடுத்த ஞாயிறுக்குரிய பகுதியைத் திங்களன்றே எடுத்து, அருளுரையை எண்ணாமல் சில நாள்கள் அதன்முன் அமர்வோமாக. அதனோடு, நம் ஊரில் அவ்வாரம் அழுதவர் யார் என்பதையும் வினவி, அந்நாளின் தேதியை அவ்வசனத்தின் ஓரத்தில் எழுதுவோமாக. எழுத ஒன்றும் இல்லையெனில், நாம் இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.